ஜெட்ஃபயரும் ஒரு டப்பா தண்ணீரும்

இங்கே தில்லியில் மே மாதம் 45 டிகிரி வெயிலில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காலையில் பறந்த வண்டி மத்தியானம் முக்கும், முனகும். காரணம் ரொம்ப சிம்பிள். 20 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால், அதே அளவு 50 டிகிரி காற்றில் ஆக்சிஜன் சுமார் 9 சதவீதம் கம்மி.

டர்போ இருந்தால் இன்னும் தலைவலி. காற்றை அழுத்தினால் சூடாகும் (சைக்கிள் பம்பைத் தொட்டுப் பாருங்கள்). சூடு அதிகமானால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். முற்றினால் பிஸ்டன் ஓட்டைதான்.

விமானக்காரர்கள் இதை முன்பே சந்தித்தவர்கள். 1942-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9-ன் மெர்லின் என்ஜினில், அழுத்திய காற்றை ஆற்றவென்றே தனியாக ஒரு கூலர் வைத்தார்கள்.

அடுத்தது காருக்கு. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. 3.5 லிட்டர் அலுமினிய வி8, டர்போவோடு 215 குதிரைத்திறன். கூலர் கிடையாது. அதற்குப் பதில் ஒரு டப்பாவில் தண்ணீரும் மெத்தனாலும். பெயர் மட்டும் பந்தாவாக 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'! டர்போ வேலை செய்யும்போது இதைப் பீய்ச்சுவார்கள். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். டப்பா காலியானால் வண்டியே டர்போ அழுத்தத்தைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அருமையான யோசனைதான். ஆனால் பெட்ரோல் போடும் மனுஷன் டப்பாவை நிரப்ப மறந்தான். பிறகு "வண்டி இழுக்கவில்லை" என்று புகார். 1963-லேயே தயாரிப்பு நின்றது. பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதா கார்புரேட்டரை மாட்டினார்கள்.

1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தபோது, காற்றின் சூட்டைப் பார்க்கும் வேலை ஒரு சென்சாருக்குப் போனது. இன்று அது சூடு என்று சொன்னால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், பவர் குறையும்.

டியூனிங் பிரியர்களுக்கு இங்கேதான் சபலம். டிராஃபிக்கில் நின்றால் சென்சார் என்ஜின் சூட்டில் வெந்து, உள்ளே வரும் காற்றைவிட அதிகமாகக் காட்டும். சரியான வழி, அதை இன்டர்கூலருக்குப் பின்னால், சூடு தாக்காத இடத்துக்கு மாற்றி, அதற்கேற்ப டியூன் செய்வது. சிலரோ ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, "காற்று ஜில்லென்று இருக்கிறது" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைக்கிறார்கள்.

ஜெட்ஃபயர்காரன் மறந்ததால் போனது வேகம் மட்டும்தான். ரெசிஸ்டர் சொருகுபவர் காவல்காரனையே தூங்க வைக்கிறார். மே மாத வெயிலில் போகப்போவது பிஸ்டன்.