படத் தயாரிப்பாளர் (தமிழ்த் திரைப்படம்)

கதையைத் தேர்ந்து, பணம் திரட்டி, கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்து, தணிக்கைச் சான்று பெற்று, படத்தை விற்றுத் திரையரங்கில் சேர்க்கும்வரை பொறுப்பேற்பவர் படத் தயாரிப்பாளர். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவரே தயாரிப்பாளர் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். திரைப்படத்தின் 'ஆசிரியர்' என்ற இடத்தையும் அது இவருக்கே தருகிறது. இயக்குநரின் பெயரால் படங்களை அறியும் இன்றைய ரசிகருக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஜெமினி படம், ஏவி.எம். படம், தேவர் படம் என்று சொல்லிக் கொட்டகைக்குப் போன தலைமுறைக்கு இதில் வியப்பில்லை.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகக் கருதப்படும் 'கீசகவதம்' ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. மோட்டார் உதிரிபாக வணிகம் செய்துவந்த அவர், ஒளிப்பதிவை ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு சென்னையில் படப்பிடிப்பு நிலையமும் அமைத்தார். படம் வெளியான ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் சொல்லப்படுகிறது. படச்சுருள் எஞ்சவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பம்பாயில் அர்தேஷிர் இரானியின் தயாரிப்பு. சென்னையில் ஒலிப்பதிவு வசதி 1934இல் ஏ. நாராயணனின் சீனிவாசா சினிடோன் மூலம் வரும்வரை, தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள் குழுவோடு வடக்கே ரயிலேற வேண்டியிருந்தது. 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வைத் தயாரித்து இயக்கினார்.

தயாரிப்பாளர் ஒரு தொழிற்சாலையின் முதலாளியாக மாறியது சேலத்தில். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அரங்கு, ஆய்வுக்கூடம், எழுத்தாளர், நடிகர் எல்லாம் ஒரே வளாகத்தில். பலருக்கு மாதச் சம்பளம். மில் நடத்துவதுபோல் நேரக் கணக்கோடு படம் எடுத்தார் என்று அங்கு வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகச் சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியன அவற்றுள் அடங்கும். ஏற்காடு சாலையில் இன்று நிறுவனத்தின் நுழைவாயில் வளைவுதான் எஞ்சி நிற்கிறது.

ஆனந்த விகடன் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன், இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' (1939) படத்தின் விநியோகத்தில் ஈடுபட்டிருந்தவர். சுப்பிரமணியத்துடன் தொடர்புடைய சென்னை மவுண்ட் ரோடு ஸ்டூடியோ தீவிபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்தபோது அதை வாசன் எடுத்து ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். பெயர்க் காரணமாக அவருடைய பந்தயக் குதிரையைச் சொல்வாரும் உண்டு, ராசியைச் சொல்வாரும் உண்டு. உலகப்போரில் கச்சாப் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்திய காலம் அது. எந்தக் காட்சியை வெட்டுவது என்பதே தயாரிப்பாளரின் தினசரிக் கவலை ஆயிற்று.

அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 'சந்திரலேகா' பிறந்தது. கதை உருவாகும் முன்பே பெயரை விளம்பரப்படுத்திவிட்டு, ஜெமினி கதை இலாகாவிடம் கதை கேட்டார் வாசன். டி.ஜி. ராகவாச்சாரி தொடங்கிய இயக்கத்தைப் பாதியில் தாமே ஏற்றுக்கொண்டார். சர்க்கஸ் காட்சிகளுக்கு ஒரு சர்க்கஸ் கம்பெனியையே அமர்த்தினார். முரசு நடனத்துக்குப் போட்ட அரங்கும் ஒத்திகையும் இன்றும் பேசப்படுகின்றன. செலவு 30 லட்சம் ரூபாய் என்பது பரவலான கணக்கு. விளம்பரச் செலவு அதில் சேருமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1948 ஏப்ரலில் தமிழில் வந்தபோது கூட்டம் குறைவில்லை, ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. வாசன் பின்வாங்காமல் மேலும் செலவழித்து இந்தியில் எடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடெங்கும் வெளியிட்டார். சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு வடநாட்டுச் சந்தை திறந்தது அதன்பிறகே. ஒரு தயாரிப்பாளரின் துணிவு இவ்வளவு துலக்கமாகத் தெரியும் படம் தமிழில் வேறு இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வணிகத்திலிருந்து வந்தவர். முதற்படமான 'அல்லி அர்ஜுனா' (1935) நஷ்டம். கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944இல் வெளியிட்டது இந்தியாவின் முதல் மொழிமாற்றப் படம் எனப்படுகிறது. போர்க்காலத்தில் காரைக்குடிக்கு அருகில் கீற்றுக் கொட்டகைகளில் நடந்த ஸ்டூடியோ, பின்னர் சென்னை வடபழனிக்கு மாறியது.

'பராசக்தி' (1952) இங்கு தனியே குறிப்பிடத் தக்கது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள், ஏவி.எம்முடன் கூட்டாக எடுத்த படம் அது. நாடகத்தில் நூர்ஜஹானாகப் பெண்வேடமிட்ட வி.சி. கணேசனை, அதாவது சிவாஜி கணேசனை, பார்த்து, இவரே நாயகன் குணசேகரன் என்று பெருமாள் முடிவு செய்ததாகச் சொல்வர். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, ஒல்லியாக இருந்த புதுமுகத்தை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. எத்தனை அடி எடுத்தபின் எழுந்தது, யார் சமாதானம் செய்தார் என்பதில் நினைவுக்குறிப்புகள் வேறுபடுகின்றன. பெருமாள் அசையவில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். பின்னாளில் சிவாஜி கணேசன் பொங்கல்தோறும் வேலூரில் பெருமாள் வீட்டுக்குப் புத்தாடைகளோடு போய் வணங்கி வந்தார்.

அறுபதுகளில் ஸ்டூடியோ சொந்தமில்லாத தயாரிப்பாளர்கள் பெருகினர். நடிகருக்குச் சம்பளத்தை முன்கூட்டியே முழுதாகக் கொடுத்து, கால்ஷீட்டை ஒரு நாளும் வீணாக்காமல் படத்தைக் குறித்த தேதியில் முடிப்பது சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரின் வழக்கம். எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள் எடுத்தார். இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) அவருடையது. லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு ஒதுக்கியவர்; மருதமலைத் திருப்பணி அதற்குச் சாட்சி.

இவர்களுக்குப் பின் வந்தவர்களின் முதல் பெரும்பாலும் கடன். விநியோகஸ்தர் தரும் முன்பணமும் பைனான்சியரின் வட்டிப் பணமும் சேர்ந்தே படமாகும். படச்சுருள் காலத்தில் கடனுக்கு நெகட்டிவே அடமானம். பைனான்சியர் சம்மதம் தெரிவிக்கும்வரை லேபிலிருந்து பிரதிகள் வெளிவந்ததில்லை. வெளியீட்டுக்கு முந்தைய இரவு தயாரிப்பாளருக்குத் தூக்கமில்லாத இரவு ஆனது இதனால்தான். படம் ஏரியா ஏரியாவாக விற்கப்படும். மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிந்தும் வணிகத்தில் மட்டும் மதுரை–இராமநாதபுரம் 'எம்.ஆர்.', திருச்சி–தஞ்சை 'டி.டி.', திருநெல்வேலி–கன்னியாகுமரி 'டி.கே.' என்றே இன்றும் வழங்குகின்றன.

1998இல் மத்திய அரசு திரைப்படத் துறைக்குத் தொழில்துறைத் தகுதியை அறிவித்தது. டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச்சில் புதுப்பட வெளியீட்டை நிறுத்தினர். நிறுத்தம் ஏப்ரல் வரை நீண்டது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குப் போகாமல் நேரே ஓடிடி தளத்தில் வெளியானது; அந்த முடிவுக்குத் திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.