மடக்குக் கத்தி: அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேர்ந்தெடுத்தல்

மடக்குக் கத்தி என்பது அலகு தன் பிடிக்குள்ளேயே மடங்கி அடங்கும் சிறு கத்தி. பேனாக்கத்தி, வில்லுக்கத்தி என்ற பெயர்களும் உண்டு. சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் கூடவே இருந்து, பார்சல் பிரிக்கவும் சணல் அறுக்கவும் எலுமிச்சம்பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் உதவும் கத்தியைப் பற்றியது இக்கட்டுரை. வேட்டைக்கும் தற்காப்புக்கும் என்று விற்கப்படுபவை இதில் சேரா. அன்றாடக் கத்தியின் தரத்தை முதலில் தீர்மானிப்பது, கூர்வாய்க்குப் பின்னால் அலகு எவ்வளவு மெல்லிதாக இருக்கிறது என்பது. எஃகின் ரகம், பூட்டின் வலிமை, விலை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

வரலாறு

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கி.மு. 600–500 காலத்தது எனக் கணிக்கப்படுகிறது. ரோமானியர் காலத்திலும் இவை இருந்தன. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானிய வெள்ளிக் கருவி ஒன்றில் கத்தியோடு கரண்டியும் முள்ளும் சேர்ந்தே மடங்குகின்றன. இறகால் எழுதிய நூற்றாண்டுகளில், மழுங்கிய இறகு முனையைச் சீவ ஒவ்வோர் எழுத்தரும் ஒரு சிறு கத்தி வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இத்தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள்.

இன்றும் கடைகளில் கிடைக்கும் மூன்று புகழ்பெற்ற கத்திகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிறந்தவை. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891 முதல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1897 ஜூன் 12 அன்று பல கருவிகள் கொண்ட அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் மரப்பிடி வைத்த எளிய கத்தி ஒன்றைச் செய்தார்; 1897இல் அது 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. ஜப்பானின் மிகி நகரில் ஏறக்குறைய அதே காலத்தில் தோன்றியது ஹிகோனோகாமி. மடித்த தகடே அதன் பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்புறம் நீண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும்வரை கத்தி மடங்காது.

இன்று கடைகளில் மிகுதியாகக் காணப்படும், ஒரு கையால் திறக்கும் கத்திகளின் வடிவத்துக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'வொர்க்கர்'. அலகில் கட்டைவிரலுக்கு ஒரு வட்டத் துளையும், பிடியில் சட்டைப்பை ஓரத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப்பும் அதில் இருந்தன.

அலகு

ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டினால் கத்தியின் குணம் தெரிந்துவிடும். முதுகு 3.5 மி.மீ. தடித்த அலகு பாதி ஆழம் வரை வெட்டும். அதற்குமேல் ஆப்பு இறங்கியதுபோலப் பிளக்கும். துண்டு 'டக்'கென்று உடைந்து எகிறும், வெட்டுமுகம் கரடுமுரடாக இருக்கும். ஒப்பினெல் எண் 8இன் அலகு முதுகிலேயே 2 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புடையது. அது கடைசிவரை சத்தமில்லாமல் இறங்கி, வழுவழுப்பான முகத்தை விட்டுச்செல்லும். இத்தனைக்கும் இரண்டு கத்திகளும் கை மயிரை ஒரே மாதிரி மழிக்கக்கூடும். கூர் என்பது வாயின் நுனியில் இருப்பது. வெட்டு என்பது அதற்குப் பின்னால் வரும் முழு உடலையும் பொறுத்தது. கடையில் தாளைக் கிழித்துக் காட்டுவதில் முதலாவது மட்டுமே தெரியும்.

இப்படியிருந்தும் தடித்த அலகுகள் இவ்வளவு விற்பதற்குக் காரணம், பலர் கத்தியால் நெம்புகிறார்கள் என்பதே. பெயின்ட் டப்பா மூடி, ஆணி அடித்த மரப்பெட்டி, திருகாணி என எல்லாவற்றிலும் முனையைச் செருகினால் மெல்லிய அலகு உடையத்தான் செய்யும். விக்டோரினாக்ஸ் இதற்குக் கண்ட தீர்வு நேர்மையானது: நெம்புவதற்கும் திருகுவதற்கும் தனிக் கருவிகளை வைத்துவிட்டு, அலகை வெட்டுவதற்கு மட்டும் விட்டது. நெம்பும் வேலை அடிக்கடி வருபவர்கள் தடித்த கத்தி தேடுவதைவிட இவ்வகைக் கத்தி வாங்குவது நல்லது.

நீளம் 6 முதல் 8 செ.மீ. இருந்தால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். ரொட்டி அறுப்பது, தர்பூசணி வெட்டுவது போன்றவற்றுக்கு அது போதாதுதான். ஆனால் அவை சமையலறைக் கத்தியின் வேலைகள். முதுகு மெல்ல இறங்கி முனையில் வாயைச் சந்திக்கும் வடிவம் பொதுப் பயனுக்கு ஏற்றது. வாய் நேராகவும் முனை மழுங்கியும் உள்ள வடிவம் கப்பல் தொழிலாளர்களிடையே பரவியது; ஆடும் தளத்தில் கயிறு அறுக்கும்போது முனை எதையும் குத்தாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் மின்கம்பி உரிப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும். ரம்பப் பல் வெட்டிய வாய், கயிறுக்கும் பிளாஸ்டிக் நாடாவுக்கும் அருமையானது. சாதாரணக் கல்லில் அதைத் தீட்ட முடியாது என்பதால், வேறு காரணம் இல்லாவிட்டால் நேர்வாயே மேல்.

எஃகு

அடிப்படையில் இரண்டு வகை. கரிம எஃகில் ஏறக்குறைய 1% கரிமம் இருக்கும், குரோமியம் அநேகமாக இராது. எளிதில் கூராகும், துருவும் பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினால் சில நிமிடங்களில் அலகு சாம்பல் நிறமாகும். தொடர்ந்து புழங்கினால் அந்தக் கருமை படிந்து நிலைத்து, செந்துருவை ஓரளவு தடுக்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது 10.5%. ஒப்பினெல் பயன்படுத்தும் சுவீடனின் 12சி27 ரகத்தில் கரிமம் 0.6%, குரோமியம் 13.5%. பாத்திரம் செய்யும் எவர்சில்வர் இதில் சேராது. எவ்வளவு சூடேற்றித் தோய்ச்சல் போட்டாலும் அது கடினமாகாது. அதில் செய்த மலிவான கத்தி ஒரு வாரம்கூடக் கூர் நிற்காது.

விலை உயர்ந்த கத்திகளில் எஸ்30வி போன்ற தூள் உலோகவியல் எஃகுகள் வருகின்றன. அவற்றில் உள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரணத் தீட்டுக்கல்லைவிடக் கடினமானவை. கூர் நெடுநாள் நிற்கும். மழுங்கிவிட்டால் வைரத் துகள் பதித்த கல் வேண்டும். விக்டோரினாக்ஸ் அலகின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 56தான். அட்டவணைகளை ஒப்பிடுபவர்கள் அதை மென்மை என்பார்கள். வீட்டில் இருக்கும் கல்லில் சில நிமிடங்களில் மறுபடி கூராகிவிடும் என்பது அதன் பெரிய நன்மை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களும், வேர்வை மிகுந்தவர்களும், துடைத்துவைக்கும் பழக்கம் இல்லாதவர்களும் துருப்பிடிக்காத வகையையே வாங்க வேண்டும்.

பூட்டு

பழைய பேனாக்கத்திகளில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் உள்ள வில் அலகின் அடியை அழுத்தி நிறுத்தும். முதுகுப் பக்கம் விசை வந்தால் மடங்கிவிடும். நறுக்குவதில் விசை எப்போதும் வாயின் பக்கமே வருவதால், இந்த ஏற்பாடு தோன்றுவதைவிடப் பாதுகாப்பானது. ஆபத்து, குத்தித் துளையிடும்போதும், மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி உருவும்போதும்தான்.

பூட்டுள்ளவற்றில் மூன்று வகை பரவலானவை. முதுகில் ஊசலாடும் கம்பியின் கொக்கி அலகின் வெட்டுப்பள்ளத்தில் விழுவது லாக்பேக். 1964இல் வந்த பக் 110 இதைப் பிரபலமாக்கியது. பித்தளையும் மரமும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம் எடை கொண்ட அது இடைவாரில் உறையில் மாட்ட வேண்டியது, சட்டைப்பைக்கு உரியதல்ல. பிடியின் உட்புறத் தகடு ஒன்று வளைந்து அலகின் அடியில் முட்டுக்கொடுப்பது லைனர் லாக். பிடிச் சட்டமே அப்படி வளைவது ஃபிரேம் லாக். இவ்விரண்டையும் மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையில் இருக்கும். தகட்டைத் தள்ளி, அலகைக் கொஞ்சம் அசைத்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். புதிதாக வாங்குபவர் விரலை வெட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒப்பினெல்லின் பூட்டு தனி ரகம். 1955இல் மார்செல் ஒப்பினெல் உருவாக்கிய அந்த எஃகு வளையத்தைத் திருகினால், அலகு இறங்க வேண்டிய பிளவு அடைபடும். நகரும் உறுப்பு ஒன்றே என்பதால் கெடுவதற்கும் அதிகம் இல்லை. எண் 6 முதல்தான் வளையம் உண்டு, 6 செ.மீ. அலகுள்ள எண் 5இல் கிடையாது. குறை மரப்பிடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் பீச்மரம் ஈரம் குடித்து உப்பி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் வராது. வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் வால்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலையை நீட்டும். சவோய்க்காரர்களின் பழைய கைப்பழக்கம் அது.

எடையும் சட்டமும்

வீட்டில் விட்டுவிட்டுப் போகும் கத்தியால் பயனில்லை. மெல்லிய வேட்டி, சட்டை, சல்வார் அணிபவர்களுக்கு 100 கிராம் கத்தி பையை இழுக்கும். 50 கிராமுக்குள் இருப்பது நினைவிலேயே நிற்காது. ஒப்பினெல் எண் 8 அந்த வரம்புக்குள் அடங்குகிறது. விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. கிளாசிக் 21 கிராம்தான், சாவிக்கொத்தில் தொங்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளையே ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கானவை விலக்கு. பேனாக்கத்தி இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும். மெட்ரோ நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சோதனையில் எடுத்துவைக்கச் சொல்வார்கள்.

பிரிட்டனில் காரணம் காட்டாமல் பொதுவிடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டுவாய் 3 அங்குலத்தைத் தாண்டாத, பூட்டாத மடக்குக் கத்தி மட்டுமே. 8.5 செ.மீ. நீளமும் வளையப் பூட்டும் உள்ள ஒப்பினெல் எண் 8 இரண்டு வகையிலும் அங்கே தவறு; எண் 5 சரி. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை எடுத்துச்செல்லத் தகுந்த காரணம் வேண்டும். சுவிஸ் ராணுவம் 2008இல் ஏற்ற கத்தியும் இதில் அடங்கும். ஜப்பானில் அலகின் நீளம் 6 செ.மீ.யைத் தாண்டுகிறதா என்பது முக்கியமானது. பட்டனை அழுத்தினால் தானே பாயும் கத்திகள் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டவை. அன்றாடத் தேவைகளுக்கு அவை எந்த வகையிலும் உதவாதவை.

கடையில் பார்க்க வேண்டியவை

திறந்த அலகை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. மூடிய நிலையில் மேலிருந்து பார்த்தால் அலகு இரு சுவர்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் அங்கேயே மழுங்கும். நகப்பள்ளம் உள்ள கத்தியை வாங்குபவர் தன் நகத்தாலேயே திறந்து பார்க்க வேண்டும். முதியவர்களுக்கும் நகம் மெலிந்தவர்களுக்கும் விறைப்பான வில் பெரும் தொல்லை. அவர்களுக்கு ஒப்பினெல்லோ துளையுள்ள கத்தியோ இலகு. பிடியை இறுகப் பற்றி அரை நிமிடம் வைத்திருந்தால், உள்ளங்கையில் குத்தும் மூலைகள் தெரிந்துவிடும்.

பராமரிப்பு

மூட்டில் சேரும் நூல்பிசிறையும் மண்ணையும் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பழம் நறுக்கும் கத்தியாக இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் விடலாம். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து மூட்டை இறுக்கும். தெருவில் வரும் சாணைச் சக்கரம் அரிவாள்மனைக்குப் பொருந்தும். மெல்லிய அலகை அதில் கொடுக்கக்கூடாது. பொறி பறக்கும் வேகத்தில் வாய் சூடேறி, தோய்ச்சல் இறங்கி, நீலம் பூத்துவிடும். நீலம் பூத்த இடம் மென்மையாகி, மறுபடி கூர் நிற்காது.

தட்டைக் கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், நீரோ எண்ணெயோ இட்டுக் கையால் தீட்டுவதே முறை. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் அலகின் தடித்த பகுதியை நோக்கி மேலேறுகிறது. அதனால் பல ஆண்டு புழங்கிய கத்தி, கூராக இருந்தும் இறங்க மறுக்கும். அப்போது சாய்வைக் குறைத்து, ஏறக்குறைய 10 பாகையில் அலகைக் கிடத்தி, வாய்க்கு மேலுள்ள தோள் பகுதியைத் தேய்த்து மெலிய வைத்து, பிறகு பழைய சாய்வில் கூர் ஏற்ற வேண்டும்.