மருந்தாயிருந்த எண்ணெய்

படகின் தளத்தில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது, அதைப் போக்க உபாயம் என்ன என்று இன்று கடற்கரையில் ஒருவர் கேட்பாராயின், அந்தக் கேள்வி அவருடைய பாட்டனாருக்குப் பெரிய விநோதமாகவே பட்டிருக்கும். ஏனெனில், மரத்தால் கலம் செய்து கடலோடிய காலத்தில் எண்ணெய் கலத்துக்கு அழுக்கு அன்று, ஔஷதம்.

13-ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹோர்முஸ் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, இரும்பாணி இன்றித் தென்னை நாரால் தைக்கப்பட்ட அவ்விடத்துக் கப்பல்களுக்குக் கீல் பூசாமல் மீன் எண்ணெயையே தடவுகிறார்கள் என்று எழுதிவைத்தான். அக்கப்பல்களின் மேல் அவனுக்குச் சிறிதும் நம்பிக்கையில்லை என்பது வேறு விஷயம். நம் மேற்குக் கரையில் மத்தி மீனின் எண்ணெய் அதே ஊழியத்தைச் செய்தது. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முந்திரி மரம் ஊன்றிப் பரவிய பின்னரோ, முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடித்த எண்ணெயும் வள்ளங்களுக்குப் பூசும் பதார்த்தமாயிற்று. கரும்பழுப்பு நிறம், கையில் பட்டால் தோல் வெந்து உரிந்துபோகும் காரம். அந்தக் காரத்தை உத்தேசித்தே, மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவுக்குப் பரிகாரமாக அதைத் தடவினார்கள். பூசியதை மரம் குடிக்கும், வெயிலும் உப்பும் அதை வற்றச் செய்யும், மறுபடியும் பூசுவார்கள். சிந்திய எண்ணெயைத் துடைத்தெறிய அங்கே யாருக்கு மனம் வரும்?

இந்தச் சம்பிரதாயத்தை முறித்த வஸ்து அமெரிக்காவில், ஏறக்குறைய தற்செயலாகப் பிறந்தது. 1932-ல் ஒஹையோ மாகாணத்தில் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்த டேல் கிளைஸ்ட் என்னும் இளைஞர் வீசிய காற்றுத் தாரை, உருகிய கண்ணாடியின் மேல் பட, அது மெல்லிய இழைகளாகச் சிதறிற்று. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே மாகாணத்து டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு படகைச் சமைத்தார். தமிழகக் கரைக்கு இவ்வகைப் படகு மெதுவாகவே வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கட்டுமரங்களை ஆயிரக்கணக்கில் நொறுக்கிப் போட்ட பிறகு, நிவாரணமாக வந்திறங்கியவற்றில் பெரும்பாலானவை பைபர் படகுகளாயிருந்தமையால், பல குப்பங்களில் ஒரு தலைமுறையில் நடக்கவேண்டிய மாற்றம் ஓரிரண்டு வருஷங்களில் நடந்து முடிந்தது. கூடவே என்ஜினும், டீசலும், கிரீசும் பெருகின.

பைபர் படகின் மேனியில் நாம் காணும் பளபளப்பு, ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சினுடையது. அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. புதிதாயிருக்கையில் எண்ணெய் அதன்மேல் நிற்குமேயன்றி உள்ளே இறங்காது. சில வருஷ வெயிலில் அது வெளிறி, சுண்ணாம்புபோல் விரலில் ஒட்டத் தொடங்கியதும், கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் திறந்துகொள்ள, டீசலும் மீன் கொழுப்பும் அவற்றில் புகுந்து தங்கிவிடுகின்றன. அப்போது மேலே கழுவுவதால் பயன் இல்லை. உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். முதலில் சோப்பு கரைத்த வெந்நீரால் மேற்பிசுக்கைப் போக்கிவிட்டு, சீமைச் சுண்ணாம்புத் தூளையோ சமையல் சோடாவையோ குழைத்துக் கறையின் மேல் கனமாக அப்பி, உலர்ந்தபின் சுரண்டியெடுப்பது நிதானமான வழி. பிடிவாதமான கறைக்கு இதையே இரண்டு மூன்று தரம் செய்யவேண்டியிருக்கும். அசிட்டோன் விரைவில் பலன் தரும், ஆனால் துணியில் நனைத்து ஒரு இழுப்பில் துடைத்து எடுக்காமல் தளத்தில் ஊறவிட்டால் பூச்சையே இளக்கிவிடும்.

கரையில் கைக்கெட்டும் மணலை அள்ளித் தேய்ப்பதுதான் எனக்குச் சற்றும் சம்மதமில்லாத காரியம். மரப் பலகை அந்தத் தேய்ப்பைத் தாங்கிற்று. இங்கே தேய்வது அந்த அரை மில்லிமீட்டர். அது போனால் அடியிலுள்ள இழைகளுக்குள் கடல்நீர் இறங்கிக் கொப்புளங்கள் எழும்பும், கறையைப் போக்கப் போனவர் பிசினும் இழையும் வாங்கி ஒட்டுப்போட உட்காருவார்.