அச்சத்தை அளப்பவர்கள்

‘கோட்டிலையே தோத்த கேஸ். அப்ப கள்ளக் கேஸ்தானே?’ திருப்பி அனுப்பப்படவிருந்த ஒருவரைப் பற்றி நம்மவர் ஒருவரே என்னிடம் சொன்னது இது. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் பழைய தீர்ப்புகளைத் தேடி வாசித்தேன். பதில் அங்கே இருக்கிறது. நம் ஆட்களின் பெயரிலேயே இருக்கிறது.

1987. பிரித்தானியாவில் விசா இன்றி வந்திறங்கித் தஞ்சம் மறுக்கப்பட்டவருக்கு அங்கிருந்தபடி மேன்முறையீடு செய்ய உரிமையில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பின், எதற்கு அஞ்சி ஓடினாரோ அந்த இடத்திலிருந்துதான் முறையிடலாம். எஞ்சியிருந்தது நீதித்துறை மீளாய்வு மட்டுமே.

மீளாய்வு என்றதும் ‘திருப்பி விசாரிக்கிறாங்கள்’ என்றுதான் விளங்கிக்கொள்கிறோம். நீதிபதி விசாரிப்பது மனிதரை அல்ல, கோப்பை. அதிகாரி சட்டத்தைச் சரியாகப் புரிந்தாரா, நடைமுறை நேர்மையானதா, அறிவுள்ள எவரும் எடுக்கமுடியாத முடிவா: கேள்விகள் இவ்வளவே. அச்சம் உண்மையா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. வென்றாலும் தஞ்சம் கிடைப்பதில்லை. கோப்பு மறுத்தவர்களின் மேசைக்கே திரும்பும்.

அந்த ஆண்டு பெப்ரவரியில், புக்டேகே வழக்கில், உயிராபத்து சம்பந்தப்பட்ட முடிவுகளை மிகுந்த கவலையோடு துருவிப் பார்க்கவேண்டும் என்றது பிரபுக்கள் சபை. அதே மாதம் ஹீத்ரோவில், நாடுகடத்தப்படவிருந்த தமிழர்கள் விமானத்தளத்தில் உடைகளைக் களைந்து எதிர்த்து நின்றார்கள். துருவிப் பார்ப்பதாகச் சட்டம் சொன்ன வேளையில், பார்க்கும்படி தம் உடலையே காட்டவேண்டியிருந்தது.

தஞ்சம் மறுக்கப்பட்ட ஆறு தமிழர்களின் சிவகுமாரன் வழக்கும் அவ்வாண்டினதே. அச்சம் உண்மையாக இருந்து, சாதாரணத் துணிவுள்ளவருக்கும் வரக்கூடியதாக இருந்தால் போதும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். டிசம்பரில் பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்தது. அஞ்சுபவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து அல்ல, அமைச்சருக்குத் தெரிந்ததையும் வைத்தே ஆபத்தைப் புறவயமாக அளக்கவேண்டும் என்றது. அச்சம் தமிழருடையது, அளவுகோல் அமைச்சருடையது.

1988 பெப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். ஐவரின் வழக்கறிஞர்கள் இலண்டனில் மேன்முறையீட்டை நடத்தினார்கள். முதன்முறையாக ஒரு நடுவர் அவர்களின் கதையையே விசாரித்தார். 1989 மார்ச்சில் தீர்ப்பு: அச்சம் ஆதாரமுள்ளது, தஞ்சம் கொடுத்திருக்கவேண்டும். அந்த ஆண்டிலேயே அவர்கள் பிரித்தானியா திரும்பினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1991 அக்டோபரில், வில்வராஜா வழக்கில், ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் பிரித்தானியா பிழை செய்யவில்லை என்றது. மூவர் திரும்பியபின் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லப்படுவதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அமைச்சர் அதை முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை என்பது வாதம். நீதித்துறை மீளாய்வே போதிய பரிகாரம் என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். அவர்களை மீட்டது அந்தப் பரிகாரமல்ல என்பது அவர்கள் முன்னால் கோப்பிலேயே இருந்தது.

நாட்டிலிருந்தபடியே மேன்முறையிடும் உரிமையை 1993 சட்டம் கொடுத்தது. ‘தெளிவாகவே ஆதாரமற்றவை’ என்று முத்திரையிடப்பட்ட கோரிக்கைகளுக்கு 2002 சட்டம் அதைப் பறித்தது. அந்த முத்திரைக்கான நாடுகளின் பட்டியலில் 2003இல் இலங்கை சேர்க்கப்பட்டது, 2006இல் நீக்கப்பட்டது. அப்படி முத்திரை குத்தப்பட்டவருக்குத் திரும்பவும் எஞ்சியது மீளாய்வுதான்.

அந்த நண்பருக்கு இன்று சொல்வேன்: அந்த ஐவரும் கோட்டிலை தோத்தவைதான். அவையின்ரை பயம் தோக்கேல்லை. அதை அங்கே ஒருதரும் விசாரிக்கவே இல்லை.