1977ஆம் ஆண்டுப் பிரேசில் – அமெரிக்கப் பிணக்கும் இரண்டு கலைச்சொற்களும்

அரசுகளின் பிணக்குகளை வரலாற்று மாணாக்கர் ஆவணங்களின் வழி அறிகின்றனர்; வேற்றுமொழி ஆவணங்களையோ பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழியே அறிகின்றனர். 1977 மார்ச்சுத் திங்களில் பிரேசிலின் இராணுவ அரசுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட பிணக்கை இவ்வகையில் ஆராய்தல் பயனுடையது.

1964 முதல் பிரேசிலை ஆண்ட படைத்தலைவர்கள் 1968இல் ஐந்தாம் நிறுவனச் சட்டத்தைப் பிறப்பித்து, அரசியல் குற்றம் சாட்டப்பட்டோருக்கு ஆட்கொணர்வு உரிமையை மறுத்தனர். 1975 அக்டோபரில் விளாடிமிர் ஹெர்சாக் என்னும் இதழாளர் சாவோ பாவ்லோவில் இராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. அதே ஆண்டு ஜூன் 27இல் மேற்கு ஜெர்மனியுடன் பிரேசில் ஓர் அணுசக்தி உடன்பாடு செய்துகொண்டிருந்தது. எட்டு உலைகளோடு யுரேனியச் செறிவூட்டலும் மறுபதப்படுத்தலும் அதில் அடங்கின. அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் பிரேசில் அன்று சேர்ந்திருக்கவில்லை. ஆயினும் இவ்வுடன்பாடு பன்னாட்டு அணுசக்தி முகமையின் 'சேஃப்கார்ட்ஸ்' முறைக்கு உட்பட்டதே.

இச்சொல்லைத் தமிழில் 'பாதுகாப்பு' என்று பெயர்ப்பதே பெருவழக்கு. உலை விபத்தைத் தடுப்பதும் பாதுகாப்பு, நாட்டைக் காப்பதும் பாதுகாப்பு. இதுவோ அணுப்பொருளின் கணக்கைச் சரிபார்த்து, அது ஆயுதத்திற்குத் திருப்பப்படவில்லையென உறுதிசெய்யும் ஆய்வு. 'கண்காணிப்பு' என்பதே பொருந்தும். அச்சொல்லில் ஐயுறவின் சாயல் உண்டெனில், பிரேசில் அரசு உணர்ந்ததும் அதனையே.

1977 ஜனவரியில் பதவியேற்ற கார்ட்டர், கண்காணிப்பு போதாதெனக் கருதிச் செறிவூட்டலையும் மறுபதப்படுத்தலையும் கைவிடச்செய்ய முயன்றார். மார்ச்சுத் தொடக்கத்தில் வாரன் கிறிஸ்டோபர் பிரேசிலியா சென்றார், பயன் விளையவில்லை. அந்நாள்களிலேயே, இராணுவ உதவி பெறும் நாடுகளைப் பற்றி அமெரிக்கச் சட்டம் கோரிய மனித உரிமை அறிக்கையும் பிரேசில் அரசிடம் அளிக்கப்பட்டது. உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என்று கூறி அதனைத் திருப்பிய கெய்செல் அரசு, மார்ச்சு 11இல் 1952ஆம் ஆண்டு இராணுவ உதவி உடன்பாட்டை முறித்தது.

இவ்விடத்துப் போர்த்துகீசிய வினை 'டெனுன்சியார்'. வதையைக் குற்றமாக வெளிப்படுத்துவதற்கும் இதுவே சொல். உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகுவதற்கும் இதுவே. அகராதியை மட்டும் நம்பி 'உடன்பாட்டைக் கண்டித்தது' என எழுதினால், சட்டச் செயல் வெறும் சினமாகச் சுருங்கிவிடும். வதையை வெளிப்படுத்தியோரின் வினையையே அரசும் கையாண்டது என்னும் முரணும் மறைந்துவிடும்.

இரு கோரிக்கைகளும் ஒருசேர வந்தமையால் இரண்டிற்கும் 'இறையாண்மை' என்னும் ஒரே விடையை அரசு அளிக்க முடிந்தது. அணு விவகாரத்தில் எதிர்க்கட்சியினர் பலரும் அதன் பக்கம் நின்றனர். வதைக்குள்ளானோர்க்கு இது பேரிழப்பு என்பது என் கருத்து. எனினும் 1978 மார்ச்சில் பிரேசில் வந்த கார்ட்டர், அரசைக் குறைகூறிவந்த கர்தினால் பவுலோ எவரிஸ்டோ ஆர்ன்ஸைச் சந்தித்ததைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஐந்தாம் நிறுவனச் சட்டம் அவ்வாண்டின் இறுதியோடு முடிவுற்றது. கெய்செலைத் தளர்வுக்கு வழிவகுத்தவராக மட்டும் கண்டோர், 2018இல் கவனத்திற்கு வந்த 1974ஆம் ஆண்டு அமெரிக்க உளவுக் குறிப்பையும் நோக்க வேண்டும்: எதிர்ப்பாளரைக் கொல்வது தொடர அவர் இசைந்தார் என்கிறது அது.

ஜெர்மானிய உடன்பாட்டு உலைகளில் அங்ரா 2 மட்டுமே, 2000இல், மின்னாக்கத் தொடங்கியது. இதற்கிடையே கண்காணிப்புக்கு வெளியே இராணுவம் மறைவாகச் செறிவூட்டலை வளர்த்தது. 1987இல்தான் அது அறிவிக்கப்பட்டது. குடியாட்சி மீண்டபின் 1991இல் பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒன்றையொன்று சோதிக்கும் பொது முகமையை நிறுவின. அதன் பெயரில் 'சேஃப்கார்ட்ஸ்' இல்லை. அணுப்பொருள்களின் 'கணக்கிடலும் கட்டுப்பாடும்' என்றே உள்ளது.