மேலே ஒரு கண்: போலீஸ் ஹெலிகாப்டரின் கதை

இன்னைக்குக் கதை ஒரு படகுல இருந்து ஆரம்பிக்குது.

2013 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துல வாட்டர்டவுன்னு ஒரு ஊர். நாலு நாளைக்கு முன்னாடிதான் பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சு மூணு பேர் இறந்திருந்தாங்க. தேடப்பட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் அன்னைக்கு அதிகாலையிலேயே இறந்துட்டார். இன்னொருத்தரைத் தேடி ஊரையே சல்லடை போட்டாங்க. ஆள் கிடைக்கல.

ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுப் பின்பக்கம் நிறுத்தியிருந்த படகோட உறை கலைஞ்சிருக்கிறதைப் பார்த்தார். எட்டிப் பார்த்தா உள்ளே ரத்தம். போலீஸ் வந்து சுத்தி வளைச்சாச்சு. ஆனா உள்ளே இருக்கிறவர் உயிரோட இருக்காரா, அசையுறாரா? கீழே நின்ன யாருக்கும் தெரியல.

மேலே மாநிலப் போலீஸோட ஹெலிகாப்டர் வட்டமடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதிலிருந்த வெப்பக் கேமராவுல, உறைக்கு அடியில ஒரு மனித உடம்பு தெரிஞ்சது. அது அசைஞ்சது. அந்தத் தகவல் அப்படியே கீழே போச்சு. இடையில துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில, ராத்திரி 9 மணிக்கு முன்னாடியே, அவரை உயிரோட பிடிச்சாங்க.

சரி, இந்த 'மேலே ஒரு கண்' எப்போ வந்துச்சு?

நியூயார்க் போலீஸ் 1929-லேயே விமானப் பிரிவு ஆரம்பிச்சாங்க. 1948-ல அவங்க கைக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஆனா அப்போ அதோட பெரிய வேலை மீட்புப் பணி, அவசர உதவி. தினமும் தெருவுக்கு மேல ரோந்து போறதுங்கிற யோசனை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான் வளர்ந்தது.

அந்த இடத்தோட பின்னணி முக்கியம். 1965 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில், கருப்பின மக்களுக்கும் போலீஸுக்கும் இடையே ரொம்ப நாளா இருந்த கசப்பு வெடிச்சு, 34 பேர் இறந்தாங்க. அடுத்த வருஷமே, 1966-ல, அதே கவுண்டியில் இருக்கிற லேக்வுட் நகரத்துல 'ஸ்கை நைட்' திட்டம் தொடங்குச்சு. மத்திய அரசு நிதி கொடுத்தது. சின்ன ஹியூஸ் ஹெலிகாப்டர்ல ரெண்டு பேர்: ஒருத்தர் ஓட்டுவார், இன்னொருத்தர் பார்ப்பார்.

அந்தப் 'பார்க்கிறவர்'தான் இங்கே முக்கியமான ஆள். பெரும்பாலும் தெருவுல வேலை பார்த்து அனுபவப்பட்ட போலீஸ் அதிகாரி. திருடன் சுவர் ஏறிக் குதிச்சு ஓடினா, துரத்துற காவலருக்கு அந்தச் சுவரோட சரி. மேலே இருக்கிறவருக்கோ நாலு தெருவும் ஒண்ணாத் தெரியும். "நீ இந்த முனையில நில்லு, இன்னொரு வண்டி அந்தச் சந்துக்குப் போகட்டும்"னு வயர்லெஸ்ல சொல்லி, ஆளைச் சுத்தி ஒரு வளையம் போடுவார். எந்த வண்டி எங்கே நிக்குதுன்னு மேலிருந்து தெரியணும்னு, போலீஸ் கார்களோட கூரையில நம்பர் எழுதியிருப்பாங்க.

கார் துரத்தல்ல இன்னொரு நன்மை. ஹெலிகாப்டர் பார்வையில வண்டி இருந்தா, கீழே இருக்கிற போலீஸ் கார்கள் வேகத்தைக் குறைச்சுப் பின்வாங்கலாம். சிக்னல்ல நிக்கிற அப்பாவி யாராவது அடிபடுற ஆபத்து குறையும்.

இப்போ மறுபக்கம். 2023 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஹெலிகாப்டர் பிரிவுக்கு வருஷத்துக்குச் சுமார் 4.66 கோடி டாலர் செலவு. பறந்த நேரத்துல 61 சதவீதம், அவசரமான பெரிய குற்றங்களோட தொடர்பில்லாத வேலைகளுக்குப் போயிருக்கு. இதனால குற்றம் குறையுதுன்னு உறுதியா சொல்ல ஆதாரம் போதலன்னும் அது சொல்லுச்சு. இதுல ராத்திரியில் வீட்டுக்கு மேல வட்டமடிக்கிற சத்தம் வேற. தூக்கம் கெடுறது குற்றவாளிக்கு மட்டும் இல்லையே.

அடுத்த கேள்வி, வானத்துல இருந்து எவ்வளவு பார்க்கலாம்? ஃப்ளோரிடாவில் ஒருத்தர் வீட்டுத் தோட்டத்துப் பசுமைக்குடில்ல, கூரையில் விட்டுப்போன இடைவெளி வழியா, 400 அடி உயரத்துல பறந்த அதிகாரி கஞ்சாச் செடியைப் பார்த்துட்டார். 1989-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெறும் கண்ணால் அப்படிப் பார்க்க நீதிமன்ற அனுமதி வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஆனா 2001-ல, இன்னொரு வழக்குல, வெப்பக் கருவியை வச்சு ஒரு வீட்டுல இருந்து வெளியே வர்ற சூட்டை அளந்ததை அதே நீதிமன்றம் ஏத்துக்கல. அதுக்கு வாரண்ட் வேணும்னு தீர்ப்பு. இத்தனைக்கும் அந்தக் கருவி தெருவுல நின்ன கார்ல இருந்தது.

ஆக, படகுக்குள்ள ஒருத்தர் உயிரோட இருக்கிறதைக் காட்டின அதே வகைக் கருவி, இன்னொருத்தரோட வீட்டு வாசல்ல நின்னுடணும்.

இப்போ அந்த வேலையை ட்ரோன் எடுத்துக்க ஆரம்பிச்சாச்சு. கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டா நகரப் போலீஸ் 2018-லிருந்தே, அவசர அழைப்பு வந்ததும் காவலருக்கு முன்னாடி ட்ரோனை அனுப்புறாங்க. செலவு குறைவு, சத்தமும் குறைவு. ஹெலிகாப்டர் வந்தா சத்தத்துலயாவது நமக்குத் தெரியும். சத்தமே இல்லாம ஒண்ணு மேலே நின்னா, அது எப்போ வரலாம், எதைப் பார்க்கலாம்னு யார் முடிவு பண்றாங்க? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.