நலன்புரி

நலன் + புரி: நன்மை செய்யும் என்பது பொருள். ஈழத்தில் 'நலன்புரிச் சங்கம்' என்றால் ஊருக்கு உதவும் அமைப்பு, அருமையான சொல். 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் இலங்கை அரசு இந்தச் சொல்லைக் கைப்பற்றிக்கொண்டது. போர் நடந்த வன்னியிலிருந்து வந்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான தமிழர் முள்வேலிக்குள் இராணுவக் காவலில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். அதற்குப் பெயர் 'நலன்புரி நிலையம்'. அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்த் தலைவர்களின் பெயர்கள் வேறு. எனக்கு அதிகம் வலிப்பது அதுதான்.

'தடுப்பு முகாம்' என்றிருந்தால், எந்தச் சட்டப்படி, எத்தனை காலம் என்று உலகம் கேட்டிருக்கும். 'நலன்புரி' என்றதும், சோறும் தண்ணீரும் போதுமா என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 'முள்வேலி முகாம்' என்றார்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன பெயர் அது.